மதகுச் சாவி கடைசி வீட்டில்

தம்பி,

உரக்கடைச் சுவரில் ஒட்டியிருந்த என் முகத்தை நேற்று நானே கிழித்தேன். முழுதாக வரவில்லை. ஒரு கன்னமும் காதும் சுவரோடு தங்கிவிட்டன. உன் கம்பெனி வேறு எதில் எப்படியோ, ஒட்டுவதில் கெட்டி. கடைக்காரர் வெளியே வந்து, "உங்க படத்தை நீங்களே கிழிக்கிறீங்களே டீச்சர்" என்றார். வேறு யார் கிழிப்பது என்று கேட்டேன். உள்ளே போய்விட்டார். திருத்துறைப்பூண்டிக்கு உரம் வாங்க வருகிறவர்கள் இனி என் ஒற்றைக் கன்னத்தைப் பார்க்கலாம். கீழே 'எங்கள் தண்ணீர், எங்கள்' என்று பாதி வாசகம் மிச்சம் இருக்கிறது. எங்கள் எது என்பது என் கையோடு வந்துவிட்டது.

இதை உனக்கு மட்டும் எழுதியிருக்கலாம். ஆனால் என் முகத்தை நீ உனக்கு மட்டும் வைத்துக்கொள்ளவில்லை. தாலுகா முழுக்கக் காட்டினாய். அதனால் இந்தக் கடிதமும் எல்லோரும் பார்க்க வாய்க்கால் குழுவில் போகிறது. பஞ்சாயத்துப் பலகையிலும் ஒட்டுவேன். பசை வாங்கிவிட்டேன். உன் கம்பெனியின் கம்பி வழியாகத்தான் உன்னிடம் வந்து சேரும். எழுத்துக்கு எடை குறைவு, வந்துவிடும். படமாக இருந்தால் சந்தேகம்.

வெள்ளிக்கிழமை உன் மேலாளரோடு வருகிறாய். பஞ்சாயத்துக் கூடத்தில் நான் குத்துவிளக்கு ஏற்ற வேண்டும், நாலு வார்த்தை பேச வேண்டும், வாய்க்கால் குழுவை உன் கம்பெனியின் கையில் கொடுக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறாய். அதற்குப் பதில் இது. பதில் சின்னது. காரணம்தான் நீளம்.

வெளியாட்களும் படிப்பார்கள் என்பதால் உனக்குத் தெரிந்ததையும் சொல்கிறேன். நம்முடையது கடைமடை. ஆற்றில் திறக்கும் தண்ணீர் மேலே எல்லோருடைய வயலையும் நனைத்துவிட்டு, மிச்சம் இருந்தால் நம்மிடம் வரும். ஆழ்துளை போட்டால் உப்பு. ஆகவே வாய்க்கால் தண்ணீர் எங்கே வந்துகொண்டிருக்கிறது என்று தெரியாமல் நம் ஊரில் யாரும் நாற்றில் கை வைக்க மாட்டார்கள். அதைத் தெரிந்துகொள்ளத்தான் போனில் இந்த வாய்க்கால் குழு. வாய்க்கால் நெடுக ஆட்கள் இருக்கிறார்கள். காலையில் அவரவர் மதகில் நின்று தண்ணீர் அளவை வீடியோ எடுத்துப் போடுவார்கள். பாலத்தடியில் டீக்கடை வைத்திருக்கும் கோவிந்தராசுவின் வீடியோவில் பாதி அவருடைய கட்டைவிரல். மீதிப் பாதியில் தண்ணீர். பின்னால் பாய்லர் சத்தம், அவர் இருமல். அழகாக இருக்காது. ஆனால் அதில் தண்ணீர் இருந்தால் தண்ணீர் இருக்கிறது என்று அர்த்தம். மடை உடைந்தால் உடைந்த மடை தெரியும். யாராவது மேலே மண்ணை வெட்டிப் போட்டு அடைத்திருந்தால், அடைத்தவனின் மண்வெட்டியும் தெரியும். இதற்கு யாரும் சம்பளம் கொடுக்கவில்லை. பெயர் வைக்கவில்லை. விளக்கேற்றவும் இல்லை.

பிறகு நீங்கள் வந்தீர்கள். கீழ்வேளூர்ப் பக்கத்தில் இருந்து கம்பி இழுத்து நெட் கொடுத்துக்கொண்டிருந்தவர் தன் கம்பங்களை உங்களிடம் ஒப்படைத்துவிட்டார். டவர் சிக்னல் நம் ஊருக்குள் நுழையும்போதே மூச்சு வாங்கும். ஆக, உங்கள் கம்பி ஒன்றுதான். அதில் 'கிராம இணைப்பு: சோதனை முயற்சி' என்று ஒரு திட்டம். உன் கம்பெனியின் விவசாய ஆப் எப்போதும் இலவசம், எப்போதும் வேகம். மற்றவையும் வரும். வரும் என்ற அந்தச் சொல்லை நீ எவ்வளவு கவனமாகச் சொன்னாய் என்பது எனக்கு இப்போது நினைவுக்கு வருகிறது. வாசலில் நிற்கும் ஆளைப் பற்றி வீட்டுக்காரர் சொல்வது மாதிரி. வருவார், வருவார்.

நீ ஊருக்கு வந்து திட்டத்தைச் சொன்ன அன்று மதியம் சாப்பிடும்போது உன்னிடம் கேட்டேன். மற்றவற்றைத் தடுக்கிறீர்களா?

"தடுக்கலம்மா. வரிசைல கொஞ்சம் பின்னாடி நிக்க வைக்கிறோம்."

"யாரு நிக்க வைக்கிறது?"

"நெட்வொர்க்."

நெட்வொர்க்குக்கு உன் வயதா, உன் மேலாளர் வயதா என்று கேட்டேன். எதைப் பார்க்கிறோம் என்பதை வைத்துப் பாகுபாடு செய்யக்கூடாது என்று இந்த நாட்டில் விதி இருக்கிறதே என்றேன். பள்ளிக்கூடத்தில் இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறவள் செய்தித்தாளும் படிப்பாள் என்பது உனக்கு வேடிக்கையாக இருந்தது. "இது சோதனை முயற்சிம்மா, பேர்லயே அப்படித்தான் போட்டிருக்கு" என்று சிரித்தாய். யாரைச் சோதிக்கிறீர்கள் என்றேன். உன் அப்பா தலை நிமிராமல், "அவன சாப்பிட விடு" என்றார். நீ தயிர் ஊற்றிக்கொண்டாய். பேச்சு அதோடு முடிந்தது. இந்த வீட்டில் பல முக்கியமான கேள்விகள் தயிரில்தான் முடிந்திருக்கின்றன.

மறுநாள் காலையில் வாய்க்கால் கரையில் என்னை நிற்க வைத்துப் படம் எடுத்தாய். சென்னையில் அறையில் மாட்டிக்கொள்ள என்றாய். வெயில் முகத்தில் விழும்படி கொஞ்சம் திரும்பச் சொன்னாய். திரும்பினேன். நல்ல படம் அது. சுவரில் முதல்முறை பார்த்தபோது கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. புடவை நிறம் சரியாக வந்திருக்கிறதா என்று பார்த்தேன். அந்த அளவுக்குத்தான் என் அறிவும்.

இனி மெகர். நீ சாச்சி என்று கூப்பிடும் மெகர். கணவர் குவைத்தில் வண்டி ஓட்டுகிறார். அங்கிருந்து அனுப்பியதில் அடமானத்திலிருந்து மீட்ட குடும்ப நிலம், வாய்க்கால் முடியும் இடத்தில், நம் வயலுக்கு அடுத்த வயல். அதை அவளேதான் பார்க்கிறாள். இந்தச் சம்பா அறுத்துவிட்டால் அவர் ஒரேயடியாக ஊருக்கு வந்துவிடுவது என்று பேச்சு. வாசலில் பந்தல் போட்டு ஒரு சின்னக் கடை வைக்கலாம் என்று அந்தப் பந்தலுக்கு இடம்கூட அளந்து வைத்திருந்தாள்.

முன்மழையில் சேறடித்து வைத்திருந்தாள். நாற்று தயார். தண்ணீர் பாலத்தைத் தாண்டிவிட்டது என்று தெரிந்தால் நாற்றைப் பறிக்க வேண்டியது, தண்ணீர் வந்து சேரும்போது நட வேண்டியது. இதுதான் இங்கே வழக்கம். பறிக்காமல் காத்திருந்தால் தண்ணீர் முறை போய்விடும், நடவு ஆட்கள் வேறு வயலுக்குப் போய்விடுவார்கள். பறித்த பிறகு தண்ணீர் வராவிட்டால் நாற்றை மறுபடி மண்ணில் செருக முடியாது. பறித்தது பறித்ததுதான். நீ சென்னையில் இருந்துகொண்டு அழிக்கிற, திருத்துகிற, பழையபடி ஆக்குகிற எதைப் போலவும் இல்லை அது.

அன்று காலையில் மெகர் நம் வாசலுக்கு வந்தாள். கையில் போன். கோவிந்தராசுவின் வீடியோ வந்திருக்கிறது, ஆனால் ஓடவில்லை. நடுவில் ஒரு வட்டம். "சுத்திக்கிட்டே இருக்குக்கா" என்றாள். என் போனில் பார்த்தோம். அதிலும் வட்டம். கோவிந்தராசுவைக் கூப்பிட்டோம், அவர் எடுக்கவில்லை. உன் ஆப்பைத் திறந்தாள். தட்டியதும் திறந்தது. பச்சை நிறத்தில், நீ ரசித்து ரசித்துத் தேர்ந்தெடுத்த பச்சையில், தண்ணீர் வந்துகொண்டிருக்கிறது என்று இருந்தது. ஒரு நெல்மணி ஆடிக்கொண்டிருந்தது. மெகர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்குப் பள்ளிக்கு நேரமாகிவிட்டது. கிளம்பிவிட்டேன்.

நான் திரும்பி வந்தபோது பறித்து முடித்திருந்தார்கள். வயலோரம் நாற்று சின்னக் கட்டுகளாக, முடி முடியாக அடுக்கியிருந்தது. நடவுக்கு வந்த பெண்கள் கரையில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். வாய்க்காலில் தண்ணீர் இல்லை. அப்போதுதான் என் போனில் கோவிந்தராசுவின் வீடியோ ஓடியது. காலையில் எடுத்தது. பாலத்தைத் தாண்டியதும் கரை உடைந்து தண்ணீர் சுடுகாட்டுத் திடல் பக்கம் போய்க்கொண்டிருந்தது. ஆட்கள் மணல்மூட்டை தூக்கி ஓடுகிறார்கள். கட்டைவிரலுக்குப் பின்னாலிருந்து அவர் குரல்: "கடைமடைக்காரங்க யாரும் நாத்துல கை வைக்காதீங்க." சொல்லிவிட்டு அவரும் மூட்டை தூக்கப் போயிருக்கிறார். அதனால்தான் போனை எடுக்கவில்லை.

தண்ணீரைத் திறந்தது உண்மை. உன் ஆப் பொய் சொல்லவில்லை. எங்கோ ஓர் அலுவலகத்தில் எழுதியதை இன்னொரு அலுவலகம் பச்சை நிறத்தில் காட்டியது. உண்மையை நேரில் நின்று பார்த்தவனின் வீடியோ மட்டும், நீ சொன்னபடி, வரிசையில் கொஞ்சம் பின்னால் நின்றது.

நாற்று முடிகளைக் குளத்தில் இறக்கி வைத்துப் பார்த்தோம். உடைப்பை அடைத்துத் தண்ணீர் வருவதற்குள் நாற்று பழுத்துவிட்டது, பிறகு அழுகியது. சேறு இறுகி வெடித்தது. நம் வயல் ஒரு மடை மேலே இருப்பதால் மழைத் தண்ணீர் கொஞ்சம் நின்றது, அப்பா இன்னும் பறிக்கவும் இல்லை, நாங்கள் தப்பித்தோம். போஸ்டரில் சிரித்தவளின் வயல் பச்சையாக நிற்கிறது. பக்கத்து வயல் இப்படி. தினமும் பள்ளிக்குப் போகும்போது இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டியிருக்கிறது. அழுகாத முடிகளை மாடுகளுக்குப் போட்டார்கள். உன் திட்டத்தால் இந்த ஊரில் வயிறு நிறைந்தது அவற்றுக்குத்தான். குவைத்தில் இருக்கிறவர் இந்த வருடம் வரவில்லை என்று சொல்லிவிட்டார்.

மெகர் என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. வயலோரம் நின்றுகொண்டு, "அந்த ஆப்ல உங்க படம் இருக்குல்லக்கா, அதான் பறிக்கச் சொல்லிட்டேன்" என்றாள். கொஞ்சம் தள்ளிப் போனவள் திரும்பிப் பார்த்து, "படத்துல நல்லாத்தான் இருந்தீங்க" என்றாள்.

அன்று சாயங்காலம் உன்னைக் கூப்பிட்டேன். நீ ஏதோ கூட்டத்தில் இருந்து வெளியே வந்து பேசினாய். பின்னால் கைதட்டல் கேட்டது.

"ஆப்ல வந்தது கவர்ன்மென்ட் தகவல்மா. திறந்தது திறந்ததுதான். நடுவுல கரை உடைஞ்சதுக்கு நாங்க என்ன பண்ணுவோம்?"

"உடைஞ்சதக் காட்டுன வீடியோவ ஏன் ஓடவிடல?"

"ஓடவிடாம இல்ல. அது வெளி டிராஃபிக். நெரிசல் நேரத்துல லேட்டா வரும். வந்துச்சா இல்லையா?"

"வந்துச்சு. நாத்துப் பறிச்சு முடிச்சப்பறம் வந்துச்சு."

நீ ஒரு கதவைச் சாத்தினாய், கைதட்டல் நின்றது. வருத்தப்படுகிறாய் என்று நினைத்தேன். பிறகு நீ சொன்னதுதான் இந்தக் கடிதத்துக்குக் காரணம். "அதுக்குத்தாம்மா சொல்றேன். அந்தக் குரூப்ப நம்ம ஆப்புக்குள்ளயே கொண்டுவந்துட்டா இந்தப் பிரச்சினையே வராது. அந்த வீடியோவும் வேகமா ஓடும்."

குரலில் அப்படி ஓர் உற்சாகம். ஒரு பெண்ணின் நாற்று அழுகிக்கொண்டிருக்கிறது, நீ அடுத்த கட்டத்தைக் கண்டுபிடித்துவிட்டாய். வாய்க்காலில் மண்ணைக் கொட்டியவர்கள், அதே மண்ணை அள்ளித் தருகிறோம், வாய்க்காலை எங்கள் பெயருக்கு எழுதிக்கொடுங்கள் என்கிறீர்கள். இதற்கு உங்களிடம் ஏதோ ஆங்கிலப் பெயர் இருக்கும். உன் மேலாளர் அதை வெள்ளைப் பலகையில் எழுதி அடியில் கோடு போட்டிருப்பார். மேலத்தெருவில் ஒரு காலத்தில் இதைச் செய்தவனுக்கு மடைத் திருடன் என்று பெயர். அவனாவது செய்த பிறகு தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு போவான். விளக்கேற்ற ஆள் தேடமாட்டான்.

உனக்கு ஒன்று நினைவிருக்கிறதா என்று தெரியவில்லை. நம் வாய்க்காலின் தலைமதகுக்கு ஒரு சாவி உண்டு. முழங்கை நீளத்துக்கு இரும்பு. செருகிச் சுற்றினால் பலகை ஏறும், இறங்கும். தண்ணீர் குறைந்து, முறை வைத்துப் பாய்ச்சும் வருடங்களில் அந்தச் சாவி தலைமடைக்காரர் யாரிடமும் இருக்காது. வாய்க்கால் முடியும் இடத்தில், கடைசி வீட்டில் இருக்கும். மெகரின் மாமியார் காலத்திலிருந்தே அந்த வீட்டுச் சமையலறை ஆணியில்தான் அது தொங்குகிறது. மதகுக்கு எதிரிலேயே குடியிருக்கிறவர்கூட, மதகைத் தொட வேண்டும் என்றால் கரையோடு நம் ஊர்க் கடைசி வரைக்கும் வர வேண்டும். வரும் வழியில் எந்த வயல் காய்கிறது, எது நனைந்தது என்பதெல்லாம் கண்ணில் படும். கடைசி வீட்டில், உங்களுக்குப் பாய்ந்துவிட்டதா என்று கேட்டு, சரி என்றால் வாங்கிக்கொண்டு போக வேண்டும். இதில் புனிதம் ஒன்றும் இல்லை. யாரும் நல்லவர்களாக இருந்து ஏற்படுத்தியதும் இல்லை. ஒரு வருடம் மண்டைகள் உடைந்தன. ஒருவரை ஒருவர் நம்ப முடியாது என்று எல்லோருக்கும் தெளிவாகத் தெரிந்தபிறகு செய்துகொண்ட ஏற்பாடு. அதனால்தான் இன்னும் நிற்கிறது.

நீ ஆறாவது படிக்கும்போது அந்தச் சாவியைத் தூக்கிக்கொண்டு ஒருமுறை அப்பாவோடு மதகுக்குப் போனாய். திரும்பி வந்து கேட்டாய். "அவங்களுக்குத்தான் கடைசியாத் தண்ணி போவுது, அவங்ககிட்ட ஏம்மா சாவி?" அதனால்தான் என்றேன். நீ யோசித்தாய். சரி என்று தலையாட்டினாய். அப்போது உனக்குப் புரிந்தது. பிறகு நாங்கள் உன்னைப் படிக்க வைத்தோம்.

வேலையை விடு என்று எழுதமாட்டேன். நீ விட்டால் அந்த நாற்காலியில் உன்னைவிட மோசமானவன் வந்து உட்காருவான் என்பாய். அதுவும் அந்த நாற்காலி கற்றுக்கொடுத்த வாக்கியம்தான். நீ கெட்டவன் என்றும் எழுதமாட்டேன். கெட்டவனாக இருக்க ஒரு முனைப்பு வேண்டும். நீ ஆப்பின் பச்சைக்குச் செலவிட்ட அக்கறையில் கொஞ்சம் போதும், அந்த வட்டம் ஏன் சுற்றுகிறது என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. உனக்கு நான் சொல்லக்கூடிய புத்திமதி ஒன்றுதான் இருக்கிறது. ஒரு திட்டத்தை உருவாக்கும்போது, அது கடைசியாகப் போய்ச் சேரும் வீட்டின் வாசலில் உட்கார்ந்து யோசி. உன் அலுவலகக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து பார்த்தால் எல்லா ஊரும் தலைமடையாகத்தான் தெரியும்.

இனி நீ கேட்டதற்குப் பதில். விளக்கேற்ற மாட்டேன். பேசமாட்டேன். குழுவைக் கொடுப்பது என் கையில் இல்லை.

நேற்றுவரை இருந்தது. குழுவுக்கு நிர்வாகி நான் ஒருத்திதான், அது உனக்குத் தெரியும், அதனால்தான் என்னிடம் கேட்டாய். நேற்று போஸ்டரைக் கிழித்துவிட்டு நேரே மெகர் வீட்டுக்குப் போனேன். அவளை நிர்வாகியாக்கினேன். பிறகு அவள் கண்ணெதிரில் நிர்வாகிப் பொறுப்பிலிருந்து என்னை நீக்கிக்கொண்டேன். கோவிந்தராசுவிடமும் மற்ற மதகுக்காரர்களிடமும் முன்பே கேட்டுவிட்டேன், யாரும் மறுக்கவில்லை.

"எனக்கெதுக்குக்கா இதெல்லாம்?" என்றாள்.

"உன் வீடுதானே கடைசி வீடு."

போனைக் கொஞ்ச நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அப்ப தம்பி எங்கிட்டதான் வரணுமா?"

"ஆமா."

"வரட்டும்" என்றாள்.

ஆகவே வெள்ளிக்கிழமை பஞ்சாயத்துக் கூடத்துக்குப் போகாதே. காரைப் பாலத்தடியில் நிறுத்து. கோவிந்தராசு கடையில் யாரும் உன்னை எதுவும் கேட்கமாட்டார்கள், அவருக்கு வேலை இருக்கிறது. அங்கிருந்து கரையோடு நட. மேலாளரையும் கூட்டிக்கொள், கரை ஈரமாக இருக்கும், நல்ல ஷூ வேண்டாம் என்று சொல். உடைப்பு அடைத்த இடத்தில் மணல்மூட்டைகள் இன்னும் கிடக்கின்றன. அதைத் தாண்டினால் நட்ட வயல்கள் வரும். பிறகு நம் வீடு. நான் வாசலில் இருந்தாலும் கூப்பிட மாட்டேன், நீயும் நிற்காதே. நம் வயல் பச்சையாக இருக்கும். அதற்கு அடுத்து ஒரு வயல் பச்சையாக இருக்காது. அங்கே வரப்பு குறுகல், ஒவ்வொருவராகத்தான் போக முடியும், கீழே பார்த்துத்தான் நடக்க வேண்டும்.

வரப்பு முடியும் இடத்தில் வீடு. கதவு திறந்திருக்கும். சாச்சி டீ கொடுப்பாள். குடி. பிறகு, உனக்கு வேண்டியதை அவளிடம் கேள்.

அம்மா